முறுக்கும் முறுகலும்: ஊவாத் தேயிலையின் ஓர் ஆங்கிலச் சொல் பற்றி

தேயிலை வணிகத்தின் ஆங்கிலத்தில் 'ட்விஸ்ட்' என்றொரு சொல் வழங்குகின்றது. கொழும்பு ஏலத்துக்கு வரும் தேயிலை மாதிரியைப் பரப்பி நோக்கும் சுவை மதிப்பீட்டாளர், இலை இறுகச் சுருண்டு கம்பிபோல் மெலிந்து காணப்படின், அது நன்கு 'ட்விஸ்ட்' பெற்றது எனப் பாராட்டிக் குறிப்பெழுதுவர். இலை தட்டையாகத் திறந்து கிடப்பின் அது குறையாகும். இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு தருவது என்ற வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து, கலைச்சொல் தொகுப்போரின் சில்லறைத் தொல்லையாகவே தோன்றும். 'முறுக்கு' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். ஆயின் பதுளையிலும் பசறையிலும் ஹாலி எலயிலும் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் தேயிலையோடு வாழ்ந்த மக்களின் மொழியையும், அம்மக்களைப் பற்றி எழுந்த இலக்கியத்தையும் ஒருங்கே வைத்து நோக்குவோர்க்கு அவ்வளவு எளிதில் இச்சொல்லைக் கடந்துவிட இயலாது. அசைவைக் குறிக்கும் ஒரு வினைச்சொல், அசைப்பவர் யார், அசைக்கப்படுவது எது என்ற வினாவைத் தன்னுள் ஒளித்து வைத்திருக்கின்றது. அவ்வினாவைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'ட்விஸ்ட்' என்பது 'இரண்டு' எனப் பொருள்படும் வேரோடு தொடர்புடையது என்பர் ஆங்கிலச் சொற்பிறப்பியலார். இரு இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிற்றைக் குறித்த சொல், பின்னர் முறுக்குதலாகிய தொழிலைக் குறித்து, அதன்பின் பாதையின் வளைவு, உண்மையைப் புரட்டிக் கூறல், கதையின் எதிர்பாராத திருப்பம், 1960களில் உலகெங்கும் பரவிய ஒரு நடனம் என்றெல்லாம் விரிந்தது. தமிழில் இதற்கு நிகரான ஒற்றைச் சொல் இல்லை. ஒரு சொற்குடும்பமே உண்டு. முறுக்கு, திருகு, திரி, புரி, நெளி, வளை, சுருள், புரள் என அது நீளும். இவற்றுள் ஆங்கிலச் சொல்லின் விரிவுக்கு மிக அண்மையில் நிற்பது 'திரி' ஆகும். நாரைத் திரித்தால் கயிறு. பஞ்சைத் திரித்தால் விளக்குத் திரி. செய்தியைத் திரித்தால் பொய். 'அவன் கயிறு திரிக்கிறான்' என்ற தொடரைக் கையைப் பற்றியும் சொல்லலாம், வாயைப் பற்றியும் சொல்லலாம். கருவியும் கைத்தொழிலும் வாழ்க்கையின் மையத்தில் இருந்த காலத்தில் மனிதர் தம் அறவியற் கருத்துகளுக்கும் அங்கிருந்தே பெயர் எடுத்தனர் என்பதற்கு ஆங்கிலமும் தமிழும் தனித்தனியே தரும் சான்று இது. ஒன்று மற்றொன்றிடம் கடன்பட்டதன்று.

ஆயினும் இரு மொழிகளும் ஓரிடத்தில் பிரிகின்றன. ஆங்கிலத்தில் 'இலை ட்விஸ்ட் ஆகின்றது' என்பதற்கும் 'அவள் இலையை ட்விஸ்ட் செய்கின்றாள்' என்பதற்கும் வினைச்சொல் ஒன்றே. தமிழிலோ இக்குடும்பத்தின் பெரும்பாலான சொற்கள் தன்வினை, பிறவினை என இரண்டாகப் பிளந்து நிற்கின்றன. முறுகும் பொருள் வேறு, முறுக்கும் ஆள் வேறு. சுருள்வதும் சுருட்டுவதும், உருள்வதும் உருட்டுவதும், புரள்வதும் புரட்டுவதும் அவ்வாறே. திரிந்தது, திரித்தது, நெளிந்தது, நெளித்தது, வளைந்தது, வளைத்தது என இடைநிலையின் ஒரு மெய்யெழுத்து, செய்தவர் உண்டா இல்லையா என்பதைக் காட்டிக் கொடுத்துவிடுகின்றது. திருகு, சுற்று போன்ற சில சொற்களே இவ்விதிக்கு விலக்கு.

இவ்விலக்கணச் செய்தியை வைத்துக்கொண்டு, தமிழ் உழைப்பின் உண்மையைப் பேசும் மொழி, ஆங்கிலம் அதை மறைக்கும் மொழி என்று முடிவு கட்டிவிடுதல் எளிது. எம்மவருள் சிலர்க்கு அது மகிழ்ச்சியையும் தரும். ஆனால் அம்முடிவு பிழையானது. இலக்கணம் வாய்ப்பைத் தருகின்றது. அவ்வாய்ப்பை யார், எதற்காகப் பயன்படுத்துகின்றனர் என்பதைச் சமூக உறவுகளே தீர்மானிக்கின்றன. சுவை மதிப்பீட்டாளரின் பாராட்டை மொழிபெயர்க்க முனைவோர் மூன்று வழிகளில் எதையும் தேரலாம். 'நன்றாக முறுகிய இலை' என்றால் இலை தானே முறுகிற்று. 'நன்கு முறுக்கப்பட்ட இலை' என்றால் யாரோ முறுக்கினர், அவர் பெயர் வேண்டியதில்லை. 'நன்கு முறுக்கிய இலை' என்றால் முறுக்கியவருக்கு வாக்கியத்தில் ஓரிடம் காலியாக விடப்பட்டிருக்கின்றது. மூன்றும் பிழையற்ற தமிழ். மூன்றும் ஒரே கருத்துநிலையைச் சுமப்பனவல்ல. 1929இல் வெளிவந்த 'மார்க்சியமும் மொழியின் தத்துவமும்' என்னும் நூலில் வொலோசினோவ், ஒரே சொற்குறியினுள் வெவ்வேறு வர்க்கங்களின் தொனிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன என்று வாதிட்டார். அவ்வாதம் பெரிய சொற்களுக்கு மட்டுமன்றி, தேயிலைத் தட்டின் ஓர் அடைமொழிக்கும் பொருந்துகின்றது.

தொழிற்சாலைக்குள் நிகழ்வதை முதலிற் காண்போம். மலையிலிருந்து வந்த பச்சைக் கொழுந்து முதலில் காற்றில் வாட்டப்படுகின்றது. வாடாத இலையை முறுக்கினால் அது முறுகாது, முறியும். வாடித் துவண்ட இலை உருளைப் பொறியின் வட்டத் தட்டில் இடப்பட்டு, மேலிருந்து அழுத்தம் கொடுக்கப்பட்டு, தட்டில் உள்ள மேட்டு விளிம்புகளின்மேல் உருண்டு புரண்டு முறுக்கேறுகின்றது. அப்போது இலையின் உயிரணுக்கள் உடைந்து சாறு வெளிப்பட்டு இலையின்மேற் படிந்து காற்றோடு கலக்கின்றது. தேயிலையின் நிறமும் மணமும் உறைப்பும் அங்கேதான் தொடங்குகின்றன. ஆகவே சுவை மதிப்பீட்டாளர் பாராட்டும் 'முறுக்கு' வெறும் தோற்றம் அன்று; இலையினுள் நிகழ்ந்த உடைவின் புறவடிவமாகும். 1931இல் மக்கேர்ச்சர் என்பார் அஸ்ஸாமில் உருவாக்கிய, நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.ரி.சி. முறையில் இம்முறுக்கு இல்லை. அங்கு இலை சிறு மணிகளாகிவிடுகின்றது. இந்தியாவிலும் கென்யாவிலும் அம்முறை பெரும்பான்மை பெற்ற பின்னரும் இலங்கை பழைய முறையைப் பெரிதும் கைவிடவில்லை. அதனாலேயே இச்சொல் இங்கு இன்றும் விலையுள்ள சொல்லாக இருக்கின்றது.

இப்பணி எப்போதும் இயந்திரத்தால் ஆனதன்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டபோது, அவரது பங்களா விறாந்தையில் இட்ட மேசைகளில் கொழுந்தைக் கைகளாலேயே உருட்டினர். மணிக்கட்டு முதல் முழங்கை வரையான முன்கையே அக்காலத்து உருளைப் பொறி. 1872 அளவில் டெய்லர் ஓர் இயந்திரத்தை அமைத்தார். தேயிலையின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் டெய்லரின் பெயரைக் குறிப்பர், அது நியாயமே. ஆனால் அம்மேசைகளைச் சுற்றி நின்ற முன்கைகள் எவருடையவை? 'இலை உருட்டப்பட்டது' என்ற செயப்பாட்டு வாக்கியத்துக்குள் அவை மறைந்துவிடுகின்றன. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று பொருள்படும் அவரது விளம்பரம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. வாட்டுதலும் முறுக்குதலும் உலர்த்துதலும் சலித்தலுமாகிய உழைப்புத் தொடர் முழுவதும் அவ்விளம்பரத்தின் 'நேரே' என்ற ஒரு சொல்லில் விழுங்கப்பட்டது. மார்க்ஸ் பண்டத்தின் மாயவழிபாடு என்று விளக்கியதற்கு இதைவிடத் தெளிவான பாடநூல் உதாரணம் அரிது.

ஊவாவுக்கு இதில் ஒரு தனிநிலை உண்டு. ஜூலை முதல் செப்தெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றின்போது ஊவாத் தேயிலை தனக்கேயுரிய குளிர்ந்த மணத்தைப் பெறுகின்றது. ஏலத்தில் அதற்கு உயர்ந்த விலை கிடைக்கின்றது. அதே வறட்சியில் செடி தளிர்ப்பது குறைகின்றது. கொழும்பில் இலையின் மதிப்பு ஏறும் மாதங்களில், மலையில் கூடையை நிறைக்கப் பெண் கூடுதலான செடிகளைத் தேடி நடக்க வேண்டியவளாகின்றாள். இரு இடங்களிலும் 'நல்ல காலம்' என்ற தொடருக்கு ஒரே பொருள் இருக்க முடியாது. எமது விமர்சகர் சிலர் மலையகக் கதைகளில் பருவகால வருணனை போதாது என்று குறைகூறுவதுண்டு. பருவம் யாருக்குப் பருவம் என்பதைக் கேட்ட பின்னரே அக்குறையைச் சொல்லுதல் தகும்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். மலையகத்தைக் களனாகக் கொண்ட தமிழ்ப் புனைகதைகளில், குறிப்பாக வெளியிலிருந்து எழுதப்பட்டவற்றில், தேய்ந்து வழவழப்பாகிப்போன தொடர் ஒன்று உண்டு: மலைப்பாதை 'வளைந்து நெளிந்து' செல்கின்றது, பெரும்பாலும் பாம்பைப்போல. தொடரின் அழகு குறித்து எமக்கு வழக்கில்லை. அது எங்கிருந்து பார்க்கப்பட்ட காட்சி என்பதே எமது வினா. பாதை நெளிவதாகக் காண்பவர் ஊர்தியில் அமர்ந்து மேலேறி வருபவர், அல்லது பங்களா முற்றத்தில் நின்று கீழே நோக்குபவர். இருவர் காலிலும் அப்பாதை படவில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் இறங்க நடப்பவர் வளைவைத் தேர்வதில்லை. அவருக்கு உரியது 'குறுக்கு'. தோட்டத் தமிழில் குறுக்கு என்றாலே செங்குத்தாக மலையை வெட்டிச் செல்லும் ஒற்றையடிப் பாதை. வாகனத்துக்காக வெட்டப்பட்ட பாதை நெளிகின்றது. உழைப்பவரின் பாதை நேராக ஏறுகின்றது. நெளிந்து செல்லும் பாதையில் நேரம் மிகுதி, களைப்புக் குறைவு. குறுக்கில் நேரம் குறைவு, களைப்பு மிகுதி. பெரட்டுக்களத்தில் உரிய நேரத்தில் நிற்க வேண்டியவருக்கு எது விதிக்கப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருணனைத் தொடர் யதார்த்தத்துக்குப் பிழையாவது அதில் பொய் இருப்பதனால் மட்டுமன்று; யாருடைய கண் அங்கு வைக்கப்பட்டுள்ளது என்பதை எழுத்தாளர் தாமே அறியாதிருப்பதனாலும் ஆகும்.

இதற்கு மறுதலையாகத் தெளிவத்தை ஜோசப்பைக் குறிப்பிட வேண்டும். பதுளை மாவட்டத்தின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராகவும் பணிபுரிந்து அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டவர் அவர். 2022இல் மறைந்தார். 1974இல் வெளிவந்த 'காலங்கள் சாவதில்லை' நாவலும் 1979இல் வெளிவந்த 'நாமிருக்கும் நாடே' தொகுப்பும் அவரது இடத்தை உறுதிப்படுத்தின. அவரது 'மீன்கள்' சிறுகதை ஒற்றை அறை லயத்தின் நெருக்கடியைப் பொருளாகக் கொண்டது. வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே அறையில் உறங்க வேண்டிய நிலையில் மனித உடல்கள் படும் கூச்சமும் குற்றவுணர்வும் அக்கதையின் உயிர்நிலை. 'நெளிதல்' என்னும் சொல் அக்கதையில் வருகின்றதா என்பது இங்கு கேள்வியன்று. அச்சொல் குறிக்கும் அசைவு எங்கு வைக்கப்பட்டுள்ளது என்பதே கேள்வி. தமிழில் நெளிதல் புழுவுக்கும் பாம்புக்கும் உரியதாயிருப்பதோடு, வெட்கத்தால் நிலைகொள்ளாது தவிக்கும் மனிதருக்கும் உரியது. வெளியார் எழுத்தில் பாதை நெளிகின்றது. ஜோசப்பின் கதையில் மனிதர் நெளிகின்றனர். பாதையிலிருந்து மனிதருக்கு அந்த அசைவு இடம் மாறியமை, மலையக இலக்கியம் இயற்கை வருணனையிலிருந்து யதார்த்தத்துக்கு வந்த தூரத்தைக் காட்டுகின்றது. பத்துக்குப் பன்னிரண்டு அடி என்ற கணக்கில் அறைகளைக் கட்டியது யார் என்பதைக் கதை மேடையேறிப் பேசவில்லை. பேசாதது கதையின் பலமே.

ஒருபால் இதுவும் சொல்லப்பட வேண்டும். தேநீர்க் கோப்பையில் தொழிலாளியின் குருதி நிறைந்துள்ளது என்ற படிமம் மலையகக் கவிதையில் ஒரு காலத்தில் ஆவேசத்தோடு எழுந்தது. எண்ணற்ற முறை எழுதப்பட்டு இன்று அதுவும் 'வளைந்து நெளிந்து' போலவே தேய்ந்துவிட்டது. முற்போக்கு எழுத்தென்பதற்காக அதற்கு விலக்களிக்க முடியாது. முறுக்கும் பொறியின் முன் நின்ற ஒருவர் எதைக் கண்டார், எதை மோந்தார், கை எங்கு கடுத்தது என்று எழுதப்பட்ட ஒரு பக்கம் அத்தகைய நூறு குருதிக் கோப்பைகளுக்கு ஈடாகும். தொழிற்சாலை உட்புறம் மலையக இலக்கியத்தில் இன்னும் போதிய அளவு வரவில்லை. கொழுந்து மலையும் லயமும் வந்த அளவுக்கு, தோட்ட மக்கள் 'ஸ்டோர்' என்று வழங்கும் அவ்விடம் வரவில்லை. ஆனால் மக்களின் சமய வழக்கில் அதற்கு இடமுண்டு. தொழிற்சாலையின் சுழலும் சக்கரத்துக்கு உரிய தெய்வமாக 'ரோதை முனி' வழிபடப்பட்டு வந்துள்ளார். ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்தது. தம் கையிலிருந்து பறிக்கப்பட்டு இரும்பிடம் கொடுக்கப்பட்ட அசைவை, கையையும் விரலையும் பறிக்கவல்ல அவ்விரும்பை, மக்கள் தெய்வமாக்கிப் படையலிட்டனர். இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குவோர், அச்சத்தின் உற்பத்திக் காரணத்தைக் காணத் தவறுகின்றனர்.

முறுக்கும் வளைவும் பற்றிய பேச்சில் தெமோதரையை விட்டுவிட முடியாது. பண்டாரவளை வரை வந்திருந்த இருப்புப்பாதை 1924இல் பதுளையை எட்டியது. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. மலைநாட்டுப் பாதையில் 44 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் சரிவு இருத்தல் ஆகாது என்ற வரம்பு இருந்தமையால், தெமோதரையில் பாதை ஒரு மலையைச் சுற்றி வந்து, தான் புறப்பட்ட நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தினூடு செல்கின்றது. இச்சுற்று எவ்வாறு தோன்றியது என்பதற்கு ஒரு கதை வழங்குகின்றது. வழி காணாது தவித்த பொறியியலாளர், தோட்டக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டுவதைக் கண்டு இவ்வமைப்பைக் கண்டடைந்தாராம். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரோடும் இக்கதை இணைத்துச் சொல்லப்படுகின்றது.

கதை உண்மையா என்பதைவிட, அது எதை விரும்புகின்றது என்பதே திறனாய்வாளர்க்குரிய வினா. அதன் முதல் விருப்பம் நல்லது: காலனித்துவப் பொறியியலின் சாதனைக்குள் உள்ளூர் அறிவுக்கும் ஒரு பங்கு தேடுகின்றது. ஆனால் அப்பங்கை அது யாரிடம் கொடுக்கின்றது? சுரங்கத்தைக் குடைந்தவரிடம் அன்று, கங்காணியிடம். கங்காணி தன் கீழுள்ள ஆட்கள் வேலைக்கு இறங்கிய தொகைக்கேற்பக் காசு பெற்றவர்; அவர்களது கடனைத் தன் கையிற் பிடித்திருந்தவர். ஒரு கங்காணியின் கூட்டத்தை அதன் கடனோடு சேர்த்து மற்றொரு தோட்டத்துக்கு மாற்றும் 'துண்டு' முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதாவது அப்பாலம் முடிந்த அதே ஆண்டில். தலைப்பாகை அவ்வதிகாரத்தின் புறச்சின்னம். இன்னும் நுணுகி நோக்கின், கங்காணி இக்கதையில் எதையும் சிந்திப்பதில்லை. அவர் தலைப்பாகை கட்டுகின்றார், அவ்வளவே. அதைப் பார்த்துச் சிந்திப்பவர் பொறியியலாளர். கை அசைகின்றது, மூளை வேறிடத்தில் இருக்கின்றது. உழைப்பைக் கையென்றும் மூளையென்றும் பிளந்த சமூகம் தன் கட்டுக்கதையிலும் அப்பிளவை மறவாது காத்துள்ளது. சுற்றுலா வழிகாட்டிகள் இக்கதையை விரும்பிச் சொல்வதில் வியப்பில்லை.

திரி என்னும் சொல்லுக்கு மீள்வோம். தோட்டத் தமிழில் வழங்கும் ஆங்கிலச் சொற்களைக் 'கொச்சை', 'சிதைவு' என்று ஒதுக்கும் வழக்கம் எம் கல்வியாளரிடை நெடுங்காலம் இருந்தது. முற்றாக நீங்கிவிட்டது என்றும் சொல்ல இயலாது. 'பரேட்' பெரட்டாயிற்று. 'லைன்' லயனாகி லயமாயிற்று. இசையின் ஒழுங்கைக் குறிக்கும் சொல்லின் ஓசை, ஒழுங்கு என்ற பெயரில் மனிதரை அடைத்த கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது தற்செயலே எனினும் கசப்பானது. தமிழ்ச் சொற்களும் இவ்வுலையில் வேறு உருக்கொண்டன. வருகைப் பதிவில் தொழிலாளியின் பெயர் குறிக்கப்பட்டால் அன்றைய கூலி உண்டு. எனவே 'பேர்' என்பதே ஒரு நாட் கூலியைக் குறிக்கலாயிற்று. நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. ஒரு மனிதரின் பெயரைப் பாதியாக்கும் உற்பத்தி முறையை இதைவிடச் சுருக்கமாக எப்பொருளியல் நூலும் சொன்னதில்லை.

தொல்காப்பியர் வகுத்த நால்வகைச் சொற்களுள் 'திரிசொல்' ஒன்று. அவர் கருதியது செய்யுளுக்குரிய அருஞ்சொல். தோட்டச் சொற்களை அதில் அடக்குதல் இலக்கணப் பிழையாகும். ஆனால் வடசொல் பற்றிப் பேசுமிடத்து, சிதைந்து வருவனவும் பொருந்துமாயின் விலக்கத்தக்கன அல்ல என்ற கருத்தை அவரே கொண்டிருந்தார். வடமொழிக்கு அளித்த அச்சலுகையைத் தோட்டத்து ஆங்கிலத்துக்கு மறுப்பது, மொழித்தூய்மையின் பெயரால் நிகழும் வர்க்கச் சார்பன்றி வேறன்று. படித்தவர் வாயில் திரியும் சொல் 'தற்சமம்', 'தற்பவம்' எனப் பெயர் பெறுகின்றது. கூலியின் வாயில் திரியும் சொல் சிதைவாகின்றது. துரையின் சொல்லைத் தன் நாவுக்கேற்ப முறுக்கிய மக்கள் வெறுமனே பிழை செய்தவர் அல்லர். தாம் கேட்டுத் தொழில் செய்த கட்டளைகளைத் தமக்குள் தம் மொழியிற் பேசக்கூடியனவாக மாற்றியவர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964இன் உடன்படிக்கை அவர்களைத் தொகைகளாகப் பங்கிட்டது. தன்வினையாகத் 'திரி' என்பதற்கு அலைதல் என்றும் பொருளுண்டு என்பதை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை.

'ட்விஸ்ட்' என்ற சொல் இப்போது தமிழிலக்கியப் பேச்சில் வேறொரு வாசலால் நுழைந்துள்ளது. கதை முடிவில் வரும் அதிர்ச்சித் திருப்பத்துக்கு அதுவே பெயர். 1960களில் வீரகேசரி நடாத்திய மலையகச் சிறுகதைப் போட்டிகள் பல புதிய எழுத்தாளரை அறிமுகஞ் செய்தன; பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' எனத் தொகுப்பாயின. அப்போட்டிகளின் நற்பயன் பெரிது. ஆயினும் இறுதிப் பத்தியில் வாசகரைத் திடுக்கிட வைக்கும் நுட்பம் போட்டிக் கதைகளின் பொதுக் குறையென்றே எனக்குத் தோன்றுகின்றது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' வேறுவகையானது. அங்கு ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறை பற்றிய ஐயமே முடிச்சு. முடிச்சு தொழிலிலிருந்து பிறக்கின்றது, அவிழ்வதும் தொழிலினால்தான். வெளியிலிருந்து கொண்டுவந்து முறுக்கப்பட்டது எதுவுமில்லை. நல்ல கதையில் முரண்பாடு முறுகுகின்றது. போட்டிக் கதையில் ஆசிரியர் அதை முறுக்குகின்றார் என்று தன்வினை பிறவினைக் கணக்கை இங்கு தலைகீழாகவும் சொல்லலாம்.

இறுதியாக, ஈழத்துச் செய்தித்தாட் தமிழில் நிலைபெற்றுவிட்ட 'முறுகல்' என்ற சொல்லை நோக்க வேண்டும். இரு தரப்புக்கு இடையில் இழுபறி ஏற்படின் 'முறுகல் நிலை' என எழுதுவது எம்மவர் வழக்கு. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் முகாமைக்குச் சென்ற பின், நாட்சம்பளம் பற்றிய ஒவ்வொரு பேச்சுவார்த்தையின்போதும் இச்சொல் தலைப்புகளில் தோன்றியுள்ளது. 1000 ரூபாவுக்கான நெடிய கோரிக்கை 2021இல் வர்த்தமானி மூலம் நிறைவேறும் வரையான ஆண்டுகளில் தொழிற்சங்கங்களுக்கும் கம்பனிகளுக்கும் இடையே 'முறுகல்' இருந்ததாக வாசகர் படித்தனர். இது தன்வினைப் பெயர். யாரும் முறுக்கவில்லை, இடையில் ஏதோ முறுகிற்று. இரு தரப்பும் கயிற்றின் இரு முனைகள் போலச் சமனாகி நிற்கின்றன. இறக்குமதிச் சொல் எதுவுமின்றி, தூய தமிழிலேயே, சுவை மதிப்பீட்டாளரின் அடைமொழி செய்யும் அதே வேலை இங்கு நிகழ்கின்றது. லயத்துப் பேச்சில் அதே வேரிலிருந்து வேறொரு சொல் வழங்குகின்றது. கணக்கப்பிள்ளையோடு சொல்லாடி, தராசடியில் கூடையை வைத்துவிட்டு விலகிச் செல்லும் பெண்ணைப் பற்றி, அவள் முறுக்கிக்கொண்டு போய்விட்டாள் என்பர். அவ்வாக்கியத்தில் எழுவாய் உண்டு.